பதினாலு நாள் ராகம்

நாகமரத்துப்பாளையத்துல முதமுதல்ல ராகம் வந்து உக்காந்தது டீக்கடை நல்லசிவத்தோட தொண்டையிலதான். மார்ச்சு பதினஞ்சாந் தேதி காலைல ஆறு மணி, பால் பொங்கி வர்ற நேரம், "சக்கரை தூக்கலாங்களா, கம்மிங்களா?"ன்னு அவரு எப்பவும் கேக்கற கேள்வியத்தான் அன்னிக்கும் கேட்டாரு, ஆனா அந்தச் 'சக்கரை' கீழ இருந்து கிளம்பி நடுவுல ஒரு படியத் தாண்டி, மேல போயி இன்னொரு படியத் தாண்டி உச்சில நின்னுக்கிச்சு, 'கம்மிங்களா' மட்டும் ஒண்ணு விடாம எல்லாப் படியையும் மிதிச்சுக் கீழ எறங்கி வந்துச்சு. எதுத்தாப்புல பெஞ்சுல உக்காந்திருந்த, போர் போடற ரிக் வண்டி ஓனர் முத்துவேலு, "ஆயிரத்தி எரநூறு அடி போட்டும் தண்ணியில்லாமப் புகைதானப்பா வந்துச்சு, எனக்கெதுக்குச் சக்கரை"ன்னாரு. அவரு தெனமும் சொல்றதுதான் அது. அன்னிக்கு அது எழவு ஊட்டு ஒப்பாரி மாதிரி விழுந்துச்சு, பெஞ்சுல இருந்த நாலு பேரும் துண்டெடுத்துக் கண்ணத் தொடச்சாங்க, தொடச்சுட்டு டீயக் குடிச்சாங்க, குடிச்சுட்டு வேலைக்குப் போயிட்டாங்க. கம்ப்ரசர் ஓடிட்டிருக்கறப்போ யாரு நின்னு ஆச்சரியப்படறது?

அந்த ஊரு அப்படி. போர் போடற வண்டி கட்டறதுதான் அங்க தொழில். வெல்டிங்குச் சத்தம், தகரம் அடிக்கற சத்தம், எஞ்சின ஓட்டிப் பாக்கற சத்தம்னு விடிஞ்சதுல இருந்து பொழுது சாயற வரைக்கும் காது நெறைய இருக்கும், பொண்ணு பாக்க வந்தவங்க "பொண்ணுக்குச் சம்மதமா"ன்னு கத்தினா அடுத்த தெருவுல இருந்து யாராச்சும் "சம்மதம்"னு சொல்லிடுவாங்க. அப்படிப்பட்ட ஊர்ல ஒருத்தி மட்டும் சத்தமே கேக்காம இருந்தா, அவதான் கிளை நூலகத்தோட லைப்ரேரிம்மா மாராத்தா. நடந்ததுக்குக் காரணமும் அவளேதான்.

மாராத்தாளுக்கு ஒன்பது வயசுல மூளைக்காய்ச்சல் வந்து காது ரெண்டும் போயிருச்சு. அதுக்கு முந்தி பேசப் பழகிட்டதால பேச்சுப் போகல. ஆனா தன் குரலு தனக்கே கேக்காததால அது வழி தெரியாம, ஏத்த எறக்கம் இல்லாம, சமதரையில பெட்டிய இழுக்கற மாதிரி வரும். அதப் பத்தி அவ கவலப்படாமத்தான் இருந்தா. அடுத்தவங்க உதட்டப் பார்த்தே பேச்சப் படிச்சிருவா, பரிட்சை எழுதி வேலைக்கு வந்தா, "புத்தகம் கொண்டாந்தீங்களா"ன்னு வர்றவங்கள எல்லாம் வாய் நெறையக் கேட்டுட்டுத்தான் இருந்தா. அப்புறம் ஒரு வருசம் மாரியம்மன் நோம்பி வந்துச்சு. மேடையில பலகுரல் அத்தியப்பன் ஏறினாரு, பஸ் கண்டக்டர் மாதிரி பண்ணினாரு, எம்மெல்லே மாதிரி பண்ணினாரு, ஸ்டார்ட் ஆகாத ஜெனரேட்டர் மாதிரி பண்ணினாரு. முன்வரிசையில மாராத்தாளும் சிரிச்சுட்டு உக்காந்திருந்தா. அடுத்தாப்புல அவரு வாய் ஒரு மாதிரிக் கோணிக்கிட்டு, "பு...த்தகம்... கொண்...டாந்...தீங்களா"ன்னு அசைஞ்சுது. அவளுக்கு ஒண்ணும் கேக்கல. ஆனா ஊரே சிரிச்சுக்கிட்டுத் தலையத் திருப்பித் தன்னப் பாக்கறது நல்லாத் தெரிஞ்சுது.

மறுநாள்ல இருந்து மாராத்தா பேசல. பழைய அட்டவணைச் சீட்டுகளோட பின்பக்கம் வெறுமையா இருக்குமில்ல, அதுல பென்சில்ல எழுதிக் காமிப்பா. பதினேழு வருசமா அப்படித்தான். ஏன்னு ஊருக்கு மறந்து போச்சு, பாவம், வாயும் வராதாட்டன்னு நெனச்சுக்கிட்டாங்க.

அந்த நூலகத்துல ஒரு பச்சப் பீரோ இருந்துச்சு. மின்வாரியத்துல இஞ்சினியரா ஆறு வருசம் இருந்துட்டு மாறிப்போன ஒருத்தரு, போறப்போ, "இந்த ஊருக்குத்தாம்மா இது வேணும்"னு சொல்லிக் குடுத்துட்டுப் போனது. உள்ள அறுபத்திமூணு புத்தகம், எல்லாம் நீல அட்டை, ராகத்துக்கு ஒரு புத்தகம். அது எப்படிப் போகும், எங்க நிக்கும், எந்த நேரத்துக்கு ஆகும், யாரு பாடி யாரு அழுதாங்கன்னு முன்னாடி கதை, பின்னாடி பக்கம் பக்கமா சுரம். எடுத்துப் பாக்க ஒரு ஆள் வரல. மாராத்தா எடுத்தா. சத்தமே இல்லாத அந்தப் பொம்பள இருபது வருசத்துல அறுபத்திமூணு ராகத்தையும் எழுத்துக் கூட்டிப் படிச்சா, திரும்பவும் படிச்சா. வெறும் எழுத்து போதல. அதுக்கும் ஒரு வழி கண்டுபுடிச்சா. ஹாலுக்குள்ளயே, பழைய பேப்பர் அடுக்கற பரணுக்குப் போறதுக்கு எட்டுப் படி இருந்துச்சு. ச, ரி, க, ம, ப, த, நி, மறுபடி ச. மத்தியானம் யாரும் இல்லாத நேரத்துல புத்தகத்தக் கையில வெச்சுக்கிட்டு, சுரம் சொல்ற படியில மட்டும் கால வெச்சு ஏறுவா, எறங்குவா. மோகனம்னா நாலாவதையும் ஏழாவதையும் ஏர்றப்பவும் தொடமாட்டா, எறங்கறப்பவும் தொடமாட்டா. கல்யாணின்னா எல்லாப் படியும். சன்னல் வழியாப் பாத்தவங்க லைப்ரேரிம்மாவுக்கு முட்டிவலி, டாக்டரு நடக்கச் சொல்லிட்டாராட்டன்னு பேசிக்கிட்டாங்க.

அவளுக்கு ரொம்பப் புடிச்சது சகானா. அது நேரா எறங்காது. உச்சியில இருந்து மூணாம் படி வரைக்கும் வந்துட்டு, எதையோ வெச்சுட்டு வந்த மாதிரி நாலாம் படிக்குத் திரும்பி ஏறும், அங்கிருந்து ரெண்டுக்கு எறங்கும், மறுபடி மூணப் போயித் தொட்டுட்டு, அப்புறந்தான் ரெண்டு, ஒண்ணுன்னு தரைக்கு வரும். எறங்க மனசில்லாம எறங்கற ராகம்னு மாராத்தா நெனச்சுக்குவா. அது எப்படித்தான் கேக்குமோன்னும் நெனச்சுக்குவா.

அந்த மார்ச்சுல மேல இருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. பத்து வருசமா யாரும் எடுக்காத புத்தகங்கள நீக்கிச் சாக்குல கட்டி வெக்கணும், இருபத்தெட்டாந் தேதி ஆய்வாளர் வந்து காகித ஆலைக்கு எடுத்துட்டுப் போவாரு, ஒரே ஒரு தடவை வெளிய போயிருந்தாலும் அந்தப் புத்தகத்துக்கு விலக்கு உண்டு. மாராத்தா அந்தக் கடுதாசிய நாலு தடவை படிச்சுட்டு, பதினாலாந் தேதி மத்தியானம் தேதி முத்திரைய எடுத்தா. உறுப்பினருங்க மொத்தம் அறுபத்திமூணு பேரு, பாதிப்பேரு பேப்பர் படிக்க மட்டும் வர்றவங்க, ஆளுக்கு ஒரு அட்டை. அவங்க பேர்ல அவளே புத்தகம் போட்டா. எண்ணிக்கை கொறையறப்போ அப்படிப் போடறது கிளை நூலகங்கள்ல புதுசில்ல. ஆனா கைக்கு வந்ததப் போடாம, ஒவ்வொரு அட்டையையும் எடுத்து அந்த மூஞ்சிய நெனச்சுப் பாத்து, பொருத்தம் பாத்து, அதுக்கப்புறந்தான் மாராத்தா குத்தினா. விடியறதுக்கு முந்தி எந்திரிக்கற நல்லசிவத்துக்குக் காலை ராகமான பிலகரி. எந்தக் குழியிலயும் தண்ணி பாக்காத முத்துவேலுக்கு முகாரி. ஸ்டேசன் ஏட்டுக்கு மெரட்டற அடாணா. கணக்கு வாத்தியாருக்குத் தாலாட்டற நீலாம்பரி. தட்டு, தட்டுன்னு முத்திரை ஆதி தாளமாட்டம் எட்டு எட்டா விழுந்துச்சு. கடைசியில ஒரு புத்தகமும் ஒரு அட்டையும் மிஞ்சுச்சு. புத்தகம் சகானா. அட்டை அத்தியப்பனோடது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ரொம்ப நேரம் பாத்தா. மனசு வரல. அட்டையத் திருப்பி டிராயருக்குள்ள போட்டுட்டா, புத்தகத்த மறுபடி பீரோவுல வெச்சுட்டா.

புத்தகமெல்லாம் பீரோவுக்குள்ளயேதான் இருந்துச்சு. ராகம் மட்டும் அவங்கவங்க ஊட்டுக்குப் போயிருச்சு.

ரெண்டு நாளுக்கு ஊர்க்காரங்க சளின்னு நெனச்சு மொளகு கசாயம் குடிச்சாங்க. மூணாம் நாளு டாக்டருகிட்டப் போனா, "ஆன்னு சொல்லுங்க"ன்னு கேட்ட அவரே ஆபோகியில கேட்டாரு, வந்தவங்க சொன்ன ஆ அதுல போயிச் சேர்ந்துக்கிச்சு, ஆறு பேரு வரிசையா உக்காந்து கால் மணி நேரம் ஆன்னுட்டு, சத்து மாத்திரை வாங்கிட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் ஊரு பழகிக்கிச்சு. பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு வாய்ப்பாடு ஆரம்பிச்சா ஏழாம் வாய்ப்பாட்டுக்குள்ள வகுப்பே தூங்கிச்சு, தலைமையாசிரியரு அவரத் திட்டறதுக்கு வந்து வாசப்படியில சாஞ்சவரு மணியடிக்கத்தான் எந்திரிச்சாரு. கைக்கொழந்தை இருக்கற ஊடுகள்ல எல்லாம் வாத்தியார மத்தியானம் சோத்துக்குக் கூப்புட ஆரம்பிச்சாங்க. டவுன் பஸ் கண்டக்டரு அம்சத்வனியில "ரைட்டு போலாம்" சொல்றத இன்னொரு தடவை கேக்கணும்னே ஆளுங்க அடுத்த ஸ்டாப்புல எறங்கி ஏறினாங்க. பஞ்சாயத்துக்கு வந்த வரப்புத் தகராறுல ஒருத்தருக்கு ஆனந்தபைரவி, இன்னொருத்தருக்கு எதுகுலகாம்போதி, "உன்ற வேலியப் புடுங்கி எறிவன்டா"ன்னு இவரு ஆரம்பிச்சா அதுக்கு அவரு பதில் சொல்ற அழகுக்குக் கூட்டம் கூடிச்சு, ரெண்டு பேரும் வேலிய மறந்துட்டு மறுநாளைக்கும் சண்டைய வெச்சுக்கிட்டாங்க. முத்துவேலுகிட்ட மட்டும் யாரும் கல்யாணப் பத்திரிகை குடுக்கச் சொல்லல. அதுக்குப் பதிலா, வரி கட்டச் சொல்லி ஆளுங்க வந்தா அவர முன்னாடி அனுப்பினாங்க.

நடந்தது நடந்துச்சு, இதுக்குப் பேரென்னன்னு ஒருத்தருக்கும் தெரியல. ஊர்ல பாட்டப் பத்திப் புத்தகம் இருக்கற இடம் ஒண்ணுதான். அதனால நாலாம் நாளு நல்லசிவம் நூலகத்துக்கு வந்தாரு. அதுக்கு முந்தியே மாராத்தா கவனிச்சிருந்தா. பேப்பர் படிக்கற பெருசுங்க தொடையில தட்டுதுங்க, ஒருத்தரு வாயத் தெறந்தா நாலு பேரு கண்ண மூடறாங்க. என்னமோ நடக்குதுன்னு தெரிஞ்சுது, என்னன்னு தெரியல.

"லைப்ரேரிம்மா, எனக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க. பேசினா மாடி ஏர்ற மாதிரி இருக்குதுங்க."

மாராத்தா சீட்டுல எழுதினா. 'எப்படிக் கேக்குது?'

"எப்படிச் சொல்றதுங்க? ஏர்றப்போ நடுவுல ஒண்ணு தாண்டுதுங்க, மேல ஒண்ணு தாண்டுதுங்க. எறங்கறப்போ அப்புடியில்லீங்க, எல்லாத்தையும் மிதிக்குது."

அவ மெதுவா எந்திரிச்சு அவரப் பரண் படிக்குக் கூட்டிட்டுப் போயி, ஏறிக் காமிங்கன்னு கையக் காட்டினா. நல்லசிவம் வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலத் தாண்டி அஞ்சு, ஆறு, ஏழத் தாண்டி எட்டு. எறங்கறப்போ எட்டுப் படியும். புத்தகத்துல இருபது வருசமா மடங்கிக் கெடந்தது டீக்கடைக்காரரு கால்ல ஏறி எறங்கிட்டு இருக்குது. 'பிலகரி'ன்னு எழுதினா. கீழயே இன்னொண்ணும் எழுதினா. 'நான்தான் உங்க எல்லார் பேர்லயும் கேக்காமப் புத்தகம் போட்டேன். இல்லாட்டிக் காகித ஆலைக்குப் போயிரும். மன்னிச்சுக்குங்க. இருபத்தெட்டாந் தேதி தவணை முடியும், அதோட போயிரும்.'

நல்லசிவம் அதப் பிலகரியில சத்தமாப் படிச்சாரு. ஹாலே பேப்பரக் கீழ வெச்சுட்டுக் கேட்டுச்சு.

"போயிருங்களா?"ன்னாரு முத்துவேலு, எல்லாரும் மூக்க உறிஞ்சினாங்க. "ஏனுங்க, நீட்டிக்க முடியாதுங்களா?"

'வேற யாரும் அந்தப் புத்தகத்தக் கேட்டுச் சீட்டுப் போடாம இருந்தா நீட்டிக்கலாம். அதான் விதி.'

அன்னையில இருந்து பரண் படிக்கு வரிசை நின்னுச்சு. ஒவ்வொருத்தரா ஏறி எறங்கித் தன்னோட ராகத்த அவளுக்குக் காமிச்சாங்க, அவ பேர எழுதிக் குடுத்தா, கூடவே அந்த நீலப் புத்தகத்தையும் நெசமாவே கையில குடுத்தா. அவங்க ஊட்டுக்குக் கொண்டு போயி எச்சி தொட்டுப் படிச்சுட்டு வந்து, "ஏனுங்க, என்ற ராகத்த ஒரு ராசா தெனமும் சாயங்காலம் கேப்பாராமுங்க"ன்னு பெருமையடிச்சாங்க. பச்சப் பீரோவுல சகானா மட்டும் தனியாச் சாஞ்சு கெடந்துச்சு.

எட்டாம் நாளு அத்தியப்பன் வந்தாரு. அம்பத்திரெண்டு வயசு, மையடிச்ச தலை, ஜிப்பா. நூலக அட்டை இருந்தும் வெறும் தொண்டையோட திரியற ஆளு ஊருலயே அவரு ஒருத்தருதான். அது பெரிய கஷ்டமாப் போச்சு. நல்லசிவம் மாதிரிப் பண்ணினா நல்லசிவம் வந்தாரு, பிலகரி வரல. முத்துவேலு மாதிரிப் பண்ணினா புகை வந்துச்சு, அழுகை வரல. "என்னண்ணா, பழைய ரிக்கார்டாட்டம் இருக்குது"ன்னு பசங்க மூஞ்சிக்கு நேராச் சொன்னாங்க. மே மாசம் நோம்பி, மேடை அவரோடது.

"எல்லாருக்கும் போட்டீங்களாமா, எனக்கு மட்டும் வரலீங்க அம்மிணி. விட்டுப் போச்சுங்களா?"

மாராத்தா எழுதினா. 'விட்டுப் போகல.'

அத்தியப்பன் பீரோவுக்குள்ள எட்டிப் பாத்தாரு. "ஒண்ணு இருக்குதே. அதுக்கு முத்திரை இல்லாட்டிச் சாக்குக்குப் போயிருமாமா. யாருக்குங்க அது?"

மாராத்தா பீரோக் கதவச் சாத்தினா.

"அம்மிணி, நீங்களே எடுத்துக்கலாமுங்களே."

அவ பென்சில அழுத்தி எழுதினதுல முனை ஒடிஞ்சு போச்சு. 'வாய் தெறக்காதவளுக்கு ராகம் எதுக்கு?'

அத்தியப்பன் அதப் படிச்சாரு. படிச்சுட்டு, ஒடிஞ்ச முனையப் பொறுக்கி மேசையில வெச்சாரு. "அந்த நோம்பிங்களா?"

இன்னொரு பென்சில எடுத்து மாராத்தா பொறுமையா எழுதினா. 'நீங்க பண்ணினத நான் கேக்கல. பாத்தேன்.'

மன்னிப்புக் கேக்கணும்னு அவருக்குத் தெரிஞ்சுது. எந்தக் குரல்ல கேக்கறதுன்னுதான் தெரியல. எம்மெல்லே குரல்ல கேட்டா பொய்யாப் போயிரும், கண்டக்டர் குரல்ல கேட்டா சிரிப்பாப் போயிரும், சொந்தக் குரல்ல எதையாச்சும் சொல்லி எத்தன வருசமாச்சுன்னு அவருக்கே நெனப்பில்ல. கடைசியில குரலே இல்லாம, உதட்ட மட்டும் அசைச்சுச் சொன்னாரு. அவளுக்கு அது போதும்தான். ஆனா அவரு முடிக்கறதுக்குள்ள மாராத்தா தலையக் குனிஞ்சுக்கிட்டா.

இருபத்தெட்டாந் தேதி பதினோரு மணிக்கு ஆய்வாளர் வந்தாரு, கையில ஒரு சாக்கோட. நல்லசிவம், முத்துவேலு, ஏட்டு, வாத்தியாருன்னு பாதி ஊரு புத்தகத்தத் திருப்பிக் குடுக்கற சாக்குல வந்து உக்காந்திருந்துச்சு. ஆய்வாளர் ஒவ்வொரு புத்தகமாத் தெறந்து ஒட்டுச் சீட்டப் பாத்தாரு.

"என்னம்மா இது, இருபது வருசம் ஒருத்தன் தொடல, ஒரே நாள்ல அறுபத்திரெண்டு போயிருக்கு? பந்தி போட்டுப் பரிமாறினீங்களா? இந்த நல்லசிவங்கற ஆளு நெசமாவே இதப் படிச்சாரா?"

நல்லசிவம் எந்திரிச்சாரு. "படிச்சனுங்க சார். நாலும் ஏழும் ஏர்றப்போ வராதுங்க, எறங்கறப்போ வருமுங்க"ன்னு அவரு சொன்னது நாலையும் ஏழையும் தாண்டி ஏறி, ஒவ்வொண்ணா மிதிச்சு எறங்கிச்சு. ஆய்வாளர் பேனா மூடியத் தெறந்தவரு தெறந்தபடி நின்னாரு. முத்துவேலு எந்திரிச்சு, "ஐயா, புத்தகத்தக் கொண்டு போயிறாதீங்கய்யா"ன்னாரு. ஆய்வாளருக்குக் கண்ணு கலங்கிருச்சு. "சரி சரி, நீங்க உக்காருங்க, நீங்க பேசாதீங்க"ன்னுட்டு மூக்கத் தொடச்சுக்கிட்டு, வேலைய முடிக்கற வேகத்துல கடைசிப் புத்தகத்தத் தெறந்தாரு. சீட்டு வெள்ளையா இருந்துச்சு.

"இது போகல."

மாராத்தா புத்தகத்துக்குக் கைய நீட்டினா.

"இத ஒண்ணும் பண்ண முடியாதும்மா. யாராச்சும் எடுத்தா உண்டு, இல்லீன்னா நீக்கல் கணக்குல எழுதித்தான் ஆகணும்." சாக்கு வாயப் பிரிச்சாரு.

மாராத்தா டிராயர இழுத்தா. அத்தியப்பன் அட்டை மேலயே கெடந்துச்சு. கை அது மேல போயி நின்னுச்சு. பதினேழு வருசத்த அப்படியே முழுங்கிட்டுக் குத்திடலாம், புத்தகம் பொழச்சுக்கும், அந்த ஆளு அத எடுத்துட்டுப் போயி மேடையில ஏறி, எறங்க மனசில்லாத அந்த எறக்கத்த வெச்சு ஊரச் சிரிக்க வெப்பாரு. குத்தாம இருந்தா நாளைக்குக் கூழாயிரும். அவ அட்டைய எடுத்தே எடுத்துட்டா.

அதுக்குள்ள, கதவோரமா நின்னுட்டிருந்த அத்தியப்பன் மேசைக்கு வந்து, அவ கையில இருந்த தன் அட்டைய மெதுவா வாங்கி மறுபடி டிராயருக்குள்ளயே போட்டாரு. போட்டுட்டு, உறுப்பினர் படிவம் ஒண்ண உருவினாரு. பேரு: மாராத்தாள். தொழில்: நூலகர். புதுசா ஒருத்தர் சேரணும்னா அங்க பழைய உறுப்பினர் ஒருத்தர் பிணைக் கையெழுத்துப் போடணும். ஊர்ல யாரு கையெழுத்தையும் அப்படியே போடத் தெரிஞ்ச மனுசன், அன்னிக்குத் தன் கையெழுத்தப் போட்டாரு. கோணல் மாணலா இருந்துச்சு, பழக்கமில்ல. படிவத்த அவ பக்கம் திருப்பி வெச்சு, சத்தமில்லாம உதட்ட மட்டும் அசைச்சாரு.

இந்தத் தடவை மாராத்தா முழுசாப் பாத்தா.

பாத்துட்டு, கையெழுத்துப் போட்டா. முத்திரைய எடுத்தா, ஈரம் பாத்தா, வெள்ளைச் சீட்டுல குத்தினா. ஏப்ரல் பதினொண்ணு. ஆய்வாளர் "ஆங், சரி, அப்பச் சரி"ன்னு புத்தகத்த மேசையில வெக்கப் போனவரு, அங்க நல்லசிவம் கொண்டாந்த டீ டம்ளர் இருக்கறதப் பாக்கல.

"ஏனுங்க, டீ மேல வெக்காதீங்க, அட்டை கறையாயிரும்!"

சொன்னது மாராத்தா.

அவளுக்கு ஒண்ணும் கேக்கல. ஆனா ஹால்ல இருந்த அத்தன தலையும் ஒண்ணா நிமிந்தது தெரிஞ்சுது. ஊரே தன் பக்கம் திரும்பிப் பாக்கறது தெரிஞ்சுது, பதினேழு வருசத்துக்கு முந்தி திரும்பின அதே மூஞ்சிங்க, ஒண்ணு கூட இப்ப சிரிக்கல. ஏட்டு தொப்பியக் கழட்டிட்டாரு. முத்துவேலு வாய் தெறக்காமயே அழுதுட்டிருந்தாரு. ஆய்வாளர் புத்தகத்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நின்னாரு.

"எப்படிக் கேக்குது?"ன்னு அவ கேட்டா, வாய் விட்டு.

பின்னாடி இருந்து கண்டக்டரு, "அத்தியண்ணா, நீங்கதான் எல்லாருத்தையும் பண்ணுவீங்களே, பண்ணிக் காமிங்க!"ன்னாரு. அத்தியப்பன் தொண்டையச் செருமினாரு. வாயத் தெறந்தாரு. மூடினாரு.

"இது என்ற வாயில வராதுங்க"ன்னாரு.

சொல்லிட்டு, செருப்பக் கழட்டிப் போட்டுட்டுப் பரண் படிக்குப் போனாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. நின்னாரு. திரும்பி நாலுக்கு எறங்கினாரு, அங்கிருந்து ஆறு, ஏழு, எட்டு. உச்சியில ஜிப்பாவ இழுத்து விட்டுக்கிட்டாரு. அப்புறம் எறங்கினாரு, ஏழு, ஆறு, அஞ்சு, நாலு, மூணு. மூணாம் படியில, எதையோ வெச்சுட்டு வந்தவராட்டம் திரும்பி நாலுக்கு ஏறினாரு. ரெண்டுக்கு எறங்கினாரு. மறுபடி மூணப் போயித் தொட்டாரு. அப்புறந்தான் ரெண்டு, ஒண்ணு, தரை. அம்பத்திரெண்டு வயசு முட்டி, கடைசிப் படியில மடக்குன்னுச்சு.

மாராத்தா சிரிச்சுட்டா. அந்த ஆளு தன்ன மாதிரியே பண்ணிக் காமிச்சதுக்கு அவ சிரிச்சது அதுதான் முதல் தடவை, அந்தச் சிரிப்பும் உச்சியில கிளம்பி மூணாம் படிக்கு வந்து நாலுக்குத் திரும்பிப் போயிட்டுத்தான் எறங்குச்சாம், கேட்டவங்க சொன்னாங்க.

அன்னிக்கு நூலகம் பூட்டற நேரத்தோட ஊரு ராகமெல்லாம் எறங்கிருச்சு. மறுநாளு காலைல கதவு தெறக்கறதுக்குள்ள வரிசை நின்னுச்சு. ஒருத்தரும் தன்னோடதக் கேக்கல, எல்லாருக்கும் அடுத்தவன் ராகத்து மேலதான் கண்ணு, நல்லசிவம் முகாரிக்குச் சீட்டுப் போட, முத்துவேலு பிலகரிக்குப் போட, கணக்கு வாத்தியாரு அடாணா இல்லாம எடத்த விட்டு நகரமாட்டேன்னுட்டாரு. அன்னையில இருந்து அந்த ஊர்ல எந்த ராகமும் ஒரு தொண்டையில பதினாலு நாளைக்கு மேல தங்கினதில்ல.

சகானா ஒண்ணத் தவிர. அதுக்கு மட்டும் யாரும் சீட்டுப் போடறதில்ல. பதினாலு நாளைக்கு ஒரு தடவை காலைல அத்தியப்பன் வந்து, சீட்டுப் போடற பொட்டியத் தலைகீழாக் கவுத்துப் பாப்பாரு, பாத்துட்டுத் தலையாட்டுவாரு, மாராத்தா தன் சீட்டுலயே புதுத் தேதி குத்திக்குவா. குத்திட்டு, வர்றவங்ககிட்டயெல்லாம் "புத்தகம் கொண்டாந்தீங்களா"ன்னு கேக்க ஆரம்பிப்பா. கொண்டாராதவங்களும் அதக் கேக்கறதுக்குன்னே வருவாங்க.

ஒரே ஒரு தடவை, வெளியூர்ல இருந்து மாத்தலாகி வந்த பேங்க் கேசியர் ஒருத்தரு அட்டவணைய ஆராஞ்சு பாத்துட்டு, "மேடம், சகானா புத்தகம் வேணுமே, எங்க வெச்சிருக்கீங்க?"ன்னு கேட்டாரு. புத்தகம் அவரு மூக்குக்கு நேரா, மாராத்தாளோட முழங்கைக்கு அடியில இருந்துச்சு. அப்போ, ஜிப்பா நுனி ஒண்ணு நீட்டிட்டிருந்த அலமாரிக்குப் பின்னால இருந்து, ஆய்வாளரோட குரலு, பேனா மூடி தெறக்கற சத்தத்தோட, கறாரா வந்துச்சு.

"அது பைண்டிங்குக்குப் போயிருக்குப்பா. வேற எதையாச்சும் எடு."